இரண்டு தீக்குச்சி கனம்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு இரும்புத் தூண் இருந்ததாம். அதன் தலைமேல் இருபது டன் பாரமாம். அதைச் சுற்றிலும் தீயாம். அப்படியும் அது இடப்பக்கமும் சாயவில்லை, வலப்பக்கமும் சாயவில்லையாம்.

ம் கொட்டுங்கள் அண்ணே. நீங்கள்தானே கேட்டீர்கள், பக்கத்தில் என்ன மூட்டை, பூவெல்லாம் சுற்றியிருக்கிறதே, எந்தக் கோயிலுக்கு என்று. கேட்டவர் ம் கொட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம். ம் நின்றால் கதையும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்புறம் ராஜகுமாரன் ஏழாவது கடலுக்கு நடுவில் கால் கடுக்க நின்றுகொண்டிருப்பான், பாவம்.

ம். அப்படித்தான்.

இது சாமி இல்லை. இரும்பு. ஒன்றரை அடி நீளம், பதினெட்டுக் கிலோ. மஞ்சள் துணி எங்கள் ஆய்வகத்தில் கருவி துடைக்கிற துணி. பூ என்னுடையது இல்லை. காலையில் திருச்சியில் பஸ் ஏறும்போது கண்டக்டர் கேட்டார், "என்ன தம்பி அது?"

"தூண்ணே."

"எதோட தூண்?"

"குடோன் தூண்."

"குடோன் எங்க?"

"குடோன் அங்கேயேதான் இருக்கு. இது அது மாதிரி ஒண்ணு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதற்கும் ஒரு முழு டிக்கெட் கிழித்தார். டிக்கெட் எடுத்தால் சீட் உண்டுதானே. ஜன்னலோரம் உட்கார வைத்தேன். குளித்தலையில் ஏறிய அம்மா ஒருவர் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தன் தலையில் இருந்த பூவில் பாதியைக் கிள்ளி அதற்குச் சுற்றிவிட்டார். "சாமி ஜன்னலோரம் கேட்டுச்சாக்கும்" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பூ வாடாமல் இருக்கிறது பாருங்கள். டீக்கடையில் தண்ணீர் வாங்கி இரண்டு தடவை தெளித்தேன். ஏன் சிரிக்கிறீர்கள்?

பஸ்ஸுக்கு நிற்கிற அந்த நர்ஸிங் பெண்களும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய கரூர் பஸ் வருகிற நேரம்தான்.

என் பெயர் மதியழகன். திருச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். கட்டடம் தீப்பிடித்தால் அதற்குள் இருக்கிற இரும்பு என்ன பாடுபடும் என்று கம்ப்யூட்டரிலேயே நடத்திப் பார்ப்பது என் வேலை. நிஜத் தீ வேண்டாம், புகை வேண்டாம். ஒரு தூணை இருபத்துநாலாயிரம் துண்டாகக் கணக்கில் வெட்டிக்கொள்வேன். ஒவ்வொரு துண்டாகப் போய், உனக்கு இப்போது எவ்வளவு சூடு, உன்னிடம் இன்னும் எவ்வளவு பலம் பாக்கி என்று கம்ப்யூட்டர் விசாரிக்கும். இரும்பு இருக்கிறதே அண்ணே, அது பார்க்கத்தான் முரட்டு ஆள். அறுநூறு டிகிரி தாண்டினால் பாதிப் பலம்கூட இருக்காது. வெளியே பார்த்தால் அதே ஆள்தான் நிற்பான். உள்ளே ஆள் இருக்காது.

எதிரே சிவப்புக் கதவு தெரிகிறதா? தீயணைப்பு நிலையம். அங்கேதான் போக வேண்டும். நாலு மணிக்கு எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். அப்போது நான் போய்ப் பேச வேண்டும். இப்போது மணி மூன்றரை. நான் பதினொரு மணிக்கே வந்துவிட்டேன். நேரத்துக்கு முன்னால் வருவது நல்ல பழக்கம் அல்லவா? இது ஏழாவது டீ. டீக்கடை அக்கா காசு வாங்க மாட்டேன் என்கிறார். கேட்டால், "எதிர்த்தாப்புல சொல்லிட்டாங்க" என்கிறார். வெயிலில் உட்கார்ந்திருக்கிற பொதுஜனத்துக்கு அரசாங்கம் இப்படி ஒரு ஏற்பாடு செய்திருப்பது எனக்கு இதுவரை தெரியாது.

கதைக்கு வருகிறேன்.

போன வருடக் கடைசியில் எங்கள் கல்லூரியில் தீயணைப்பு அதிகாரிகளுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. நான் படம் போட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். கேள்வி உண்டா என்று கேட்டால், ஒருவர் ஃபேனைக் கூட்டிவைக்கச் சொன்னார். ஒருவர் சாப்பாடு சைவமா என்று கேட்டார். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் அதிகாரி எழுந்தார்.

"ஏனுங்க சார், எங்க ஊர்ல ஒரு பஞ்சு குடோன் இருக்குதுங்க. நடுவால ஒரு இரும்புத் தூண். தீப்பிடிச்சா என் பசங்க உள்ள போவாங்க. எத்தனையாவது நிமிஷம் நான் விசில் அடிச்சு அவங்கள வெளிய கூப்பிடோணும்? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

முக்கால் மணி நேரம் நான் பேசியதில் அதற்குப் பதில் இல்லை அண்ணே. நாலு வருட ஆராய்ச்சியில் ஒருவர் என்னிடம் நிஜமாக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல்முறை. எனக்குத் தலை லேசாகக் கிறுகிறுத்தது. ஃபேன் சரியாக ஓடவில்லை, அதனால்தான். "ஒரு மாசம் டைம் குடுங்க மேடம், கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன்.

அவர்தான் கோகிலவாணி. இந்த நிலையத்துக்கு அதிகாரி.

அந்த ஒரு மாதத்தில் இருபத்துமூன்று தடவை போன் செய்தார். அவ்வளவு பொறுப்பு. தூணின் அகலம், தகட்டின் கனம், கூரையின் பாரம் எல்லாம் அவரே டேப் வைத்து அளந்து சொன்னார். அப்புறம் நட்டு சூடானால் என்ன ஆகும் என்று கேட்டார். தகரம் சூடானால் என்ன ஆகும் என்று கேட்டார். பத்தொன்பதாவது தடவை, உங்கள் ஊரில் மழையா என்று கேட்டார். மழைக்கும் தீக்கும் சம்பந்தம் இருக்கிறதல்லவா, அதனால் கேட்டிருப்பார். போனை வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும், "சாப்பிட்டீங்களா?" அந்தத் துறையில் எல்லாரிடமும் அப்படிக் கேட்கச் சொல்லிப் பயிற்சி கொடுப்பார்கள்போல.

உங்களைவிட அவர் நன்றாக ம் கொட்டுவார் அண்ணே, தப்பாக நினைக்காதீர்கள். நான் ஒரு மணி நேரம் தூண் கதை சொன்னால் ஒரு மணி நேரமும் ம் வந்துகொண்டே இருக்கும். எங்கள் பேராசிரியர்கூட என் பேச்சுக்கு அவ்வளவு ம் கொட்டியதில்லை.

கரூர் பஸ் வந்துவிட்டது. போய் வாருங்கள் தங்கச்சி, நன்றாகப் படியுங்கள். சிரித்துக்கொண்டே ஏறுகிறார்கள் பாருங்கள்.

எங்கே விட்டேன்? ஆங், ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார்.

"சார், தூணு நேரா இல்லீங்க. மேலருந்து கீழ வரைக்கும் நூலு புடிச்சுப் பார்த்தேன். நடுவால நூலுக்கும் தூணுக்கும் எடவெளி. ரெண்டு தீக்குச்சிய ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா சரியா உள்ள போகுதுங்க. எப்பவோ லோடு வண்டி இடிச்சிருக்கும்போல. அதையும் எழுதிக்கறீங்களா?"

விடுமுறை நாளில் ஒரு மனுஷி குடோனுக்குப் போய், ஏணி போட்டு, நூல் பிடித்து, தீக்குச்சி வைத்துப் பார்த்திருக்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மேடம், கம்ப்யூட்டர்ல தூண் எல்லாம் நேராத்தான் இருக்கும். நீங்க அதைப் பத்திக் கவலைப்படாதீங்க."

"ம்" என்றார். அதற்கு முன்னால் வந்த ம் எல்லாம் ஒரு மாதிரி, இந்த ம் வேறு மாதிரி. அன்றைக்கு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது கவனமாகக் கேளுங்கள் அண்ணே, இங்கேதான் விஷயம் இருக்கிறது. உலகத்தில் நேரான தூண் என்று ஒன்று கிடையாது. எல்லாத் தூணும் துளி கோணல்தான். அந்தத் துளிக் கோணல்தான், சூடு ஏறும்போது எந்தப் பக்கம் வளைவது என்று தூணுக்குச் சொல்லிக்கொடுக்கும். ஆனால் கம்ப்யூட்டருக்குள் நாம் கோடு போட்டால் கோடு அசல் நேராக இருக்கும். பாரமும் அசல் நடுவில் இருக்கும். அப்போது தூணுக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாது. இடமா, வலமா? ஒரு காரணம் வேண்டாமா? காரணம் இல்லாவிட்டால் அது சும்மா நிற்கும். நின்றுகொண்டே இருக்கும். உள்ளே பலமெல்லாம் உருகிப் போன பிறகும் மரியாதையாக நேராக நிற்கும்.

அதனால் எங்கள் வேலையில் ஒரு வழக்கம். தீ மூட்டுவதற்கு முன்னால் நாமே கையால் தூணுக்குக் கொஞ்சம் கோணல் கொடுக்க வேண்டும். நாலு மீட்டர் தூணுக்கு நாலு மில்லிமீட்டர். ரொம்ப இல்லை, இரண்டு தீக்குச்சி கனம். சேர்ந்த முதல் மாதத்திலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நானே நாலு வருடமாகச் சொல்லித் தருகிறேன். ஃபைலைத் திறந்ததும் முதலில் கோணல், அப்புறம்தான் கொள்ளி என்று பாட்டு மாதிரி சொல்லித் தருவேன்.

அந்தத் தூணுக்கு மட்டும் நான் கோணல் கொடுக்கவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? அந்த வாரம் எனக்கு நிலைகொள்ளவில்லை அண்ணே. காரணம் தெரியவில்லை. சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு விடுதியிலிருந்து ஆய்வகம் வரை நடந்திருக்கிறேன். சட்டையைத் தலைகீழாக எப்படி மாட்ட முடியும் என்று நண்பர்கள் இன்றுவரை விவாதிக்கிறார்கள். அந்த நிலையில், அளவு சரிபார்ப்பதற்காகப் போட்டுவைத்த வெறும் நேர்த்தூண் ஃபைலுக்கே தீ மூட்டிவிட்டேன். மூன்று நாள் ஓடியது. ஒரு தடவைகூட நின்று மக்கர் செய்யவில்லை. அவ்வளவு ஒழுங்காக ஓடியபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பதில் வந்தது: முப்பத்தொன்று. முப்பத்தோராவது நிமிடம்வரை தூண் நிற்கும்.

உடனே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அன்றைக்கே நிலையத்துக் கரும்பலகையில் எழுதிவிட்டார். பஞ்சு குடோன், நடுத்தூண், முப்பத்தொரு நிமிடம். அங்கே தங்கமுத்து என்று ஒருவர் இருக்கிறார், இருபத்தாறு வருட சர்வீஸ். அவர் பலகையைப் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷத்துக்கு மேல நான் அந்தத் தூணுகிட்ட நிக்க மாட்டனுங்கம்மா" என்றாராம். கோகிலவாணி எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்: "அண்ணா, அந்த சார் சும்மா சொல்ல மாட்டாருங்க. ஒரு மாசம் உக்காந்து கணக்குப் போட்டிருக்காரு."

அதைக் கேட்டு அன்றைக்கு நான் இரண்டு பாதாம் பால் குடித்தேன்.

கணக்கு முடிந்தால் போதாது. நிஜத் தூண் ஒன்றை உலையில் வைத்துப் பார்த்தால்தான் எங்கள் பேராசிரியர் ஒப்புக்கொள்வார். எங்கள் ஆய்வகத்தில் ஓர் உலை இருக்கிறது, ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு. அதே அளவில் தூண் வாங்கி, உள்ளே நிறுத்தி, தலையில் ஜாக்கி வைத்து இருபது டன் அழுத்திவிட்டுத் தீயைத் திறப்பார்கள். நான் முப்பத்தொன்று என்று சொன்ன பதினோராவது நாள் சோதனை. நான் ஊரையே கூட்டிவிட்டேன். முப்பத்தோராவது நிமிடம் தூண் விழும், முப்பதாவது நிமிடம் பஜ்ஜி வரும், எல்லாரும் வாருங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினேன். கேன்டீனில் எண்பது பஜ்ஜிக்குச் சொல்லியிருந்தேன். வாழைக்காய் நாற்பது, வெங்காயம் நாற்பது.

பதினேழாவது நிமிடம் தூண் ஒரு பக்கமாக ஒதுங்கியது. எவரோ வழிவிடச் சொன்னதுபோல ஒதுங்கியது. அப்புறம் இடுப்பை மடித்து உட்கார்ந்துவிட்டது.

பஜ்ஜிக்கு அப்போதுதான் மாவு கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் என்ன செய்தேன்? தூண் தப்பு என்றேன். ஆமாம் அண்ணே. என் கணக்கு சரி, தூண்தான் தப்பாக நடந்துகொண்டது என்றேன். இரும்பில் கலப்படம் என்றேன். ஜாக்கி அதிகமாக அழுத்திவிட்டது என்றேன். உலையை இயக்குகிற பிச்சைமணி அண்ணனிடம் போய்க் கடிகாரம் வேகமாக ஓடுகிறதா என்று கேட்டேன். அவர் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "வேகமா ஓடினா உனக்கு இன்னும் மோசம்தானேப்பா" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். சாயங்காலம் ஆவதற்குள் அந்தத் தூணோடு நான் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஃபைலைத் திறந்தேன். ஒவ்வொரு வரியாக வந்தேன். சூடு, சரி. பாரம், சரி. பலம், சரி. கோணல் என்று போட்டு, பக்கத்தில் ஒரு சுழி. சைபர். நான் போட்ட சைபர்.

ம் கொட்டுங்கள் அண்ணே. இந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

அந்தப் பதினோரு நாளும் இந்த ஊரில் தீ எதுவும் பிடிக்கவில்லை. முப்பத்தொன்று என்று நம்பி, இருபதாவது நிமிடம் அந்தத் தூணடியில் யாராவது குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால்? மேடம் பெயர்கூடச் சொல்லியிருக்கிறார், ஒருவர் சரவணபவா, அவருக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது. உலை ஆறுவதற்குள் போன் செய்தேன். அவசரத்தில் முதலில் எங்கள் மெஸ்ஸுக்குப் போய்விட்டது. இரண்டாவது தடவை கிடைத்தார்.

"மேடம், முப்பத்தொண்ணு இல்ல. பதினேழு. தப்பு என்னோடது. தூணுக்கு நான் கோணல் குடுக்கல."

ம் வரவில்லை. இத்தனை தடவை பேசியதில் முதல்முறையாக ம் வரவில்லை.

பிறகு சொன்னார்: "ரெண்டு தீக்குச்சின்னு நான் சொன்னனுங்களே சார்."

"சொன்னீங்க."

"இருங்க." டஸ்டர் உரசுகிற சத்தம் கேட்டது. "அழிச்சாச்சுங்க. பசங்களை இப்பவே கூப்பிட்டு அந்தக் கணக்கு இல்லைன்னு சொல்லிடறேன். புதுசா நான் எழுத மாட்டேன். ஏன் பாதியாச்சுன்னு தங்கமுத்தண்ணன் கேப்பாரு. அதுக்கு எங்கிட்டப் பதில் இல்லீங்க. நீங்களே வந்து, எல்லாத்துக்கும் முன்னாடி சொல்லி, உங்க கையாலயே எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை நாலு மணி."

"சரிங்க மேடம்."

போனை வைக்கும் முன், "சாப்பிட்டீங்களா?" என்றார். பயிற்சி எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது பாருங்கள். அவ்வளவு கோபத்திலும் மறக்கவில்லை.

அதனால்தான் இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வளைந்த இடத்தை மட்டும் பிச்சைமணி அண்ணன் அறுத்துக் கொடுத்தார். தங்கமுத்து அண்ணன் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லலாம். நான் பேசினால் நம்ப மாட்டார், இது பேசினால் நம்புவார். திருத்தி ஓட்டிய கணக்கும் பையில் இருக்கிறது. கோணல் கொடுத்து ஓட்டினேன், பதினாறு நிமிடம் ஐம்பது வினாடி என்று வந்தது. பலகையில் பதினேழு என்று எழுத மாட்டேன். பன்னிரண்டு என்று எழுதப் போகிறேன். இந்தத் தூணுக்கு, இந்தப் பாரத்துக்கு மட்டும் என்று கீழே கொட்டை எழுத்தில் எழுதுவேன். விசில் சத்தம் கேட்டு ஓடிவரவும் நேரம் வேண்டுமல்லவா? தங்கமுத்து அண்ணன் பத்து என்றால் பத்தே எழுதிவிடுவேன். சண்டை இல்லை.

சட்டை புதிதா என்றா கேட்கிறீர்கள்? ஆமாம், புதிதுதான். நேற்று வாங்கினேன். நாலு பேர் முன்னால் நின்று தப்பை ஒப்புக்கொள்ளப் போகிறேன், கசங்கிய சட்டையில் போனால் நன்றாகவா இருக்கும்? பேராசிரியர் முன்னால் ஒப்புக்கொள்ளும்போது பழைய சட்டைதான் போட்டிருந்தேன் என்பது உண்மை. அவர் அப்படியெல்லாம் பார்க்கிறவர் இல்லை. மேடம் பார்ப்பார். நான் வந்தது நம்பருக்காகத்தான். நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். அதற்கப்புறம் அவர் போன் செய்ய வேண்டிய காரியமே இல்லை. ஆமாம், காரியமே இல்லை.

அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

அக்கா, எட்டாவது டீ வேண்டாம்.

அங்கே தேங்காய் மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றவரும் கிளம்பிவிட்டார். நீங்களும் நானும்தான் பாக்கி. அது தாராபுரம் பஸ், உங்களுடையதுதானே? ஏன் ஏறவில்லை? போய்விட்டது பாருங்கள். என் கதையால் உங்களுக்குப் பஸ் போய்விட்டது. என்ன, அடுத்தது வருமா? "அந்தப் பிள்ளை உன்னையே பாக்குது" என்கிறீர்களா? எந்தப் பிள்ளை?

ஓ.

கதவு திறந்திருக்கிறது. அவர்தான். தொப்பி வைத்திருக்கிறார். பயிற்சி நாளில் தொப்பி கையில் இருந்தது. விரலில் வெள்ளையாக என்னவோ பிடித்திருக்கிறார், சாக்பீஸ்தான். நான் இங்கே உட்கார்ந்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? பதினொரு மணியிலிருந்து அந்த ஜன்னல் திறந்தேதான் இருந்தது. காற்றுக்காகத் திறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவருக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. மீசைக்காரர்தான் தங்கமுத்து அண்ணனாக இருக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை அண்ணே. காலில் ஒன்றும் இல்லை, கால் நன்றாகத்தான் இருக்கிறது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. வணக்கம் என்பதா, மன்னிக்கணும் என்பதா? இரண்டும் சரியாகத்தான் படுகிறது. அதனால்தான் இப்படி.

ஏன் என் தோளில் விரல் வைக்கிறீர்கள்? தள்ளாதீர்கள், மூட்டை விழுந்துவிடும். சரி. சரி. எழுந்துவிட்டேன்.

பூவைக் கழற்றிவிடவா? இருக்கட்டுமா? சரி, இருக்கட்டும்.

நான் ரோட்டைத் தாண்டுகிற வரைக்கும் நீங்கள் மட்டும் ம் கொட்டிக்கொண்டிருங்கள். லாரி போகட்டும். இதோ இறங்கிவிட்டேன். ம் சொல்லுங்கள் அண்ணே. இன்னும் கொஞ்சம் சத்தமாக. நடுரோட்டுக்கு வந்துவிட்டேன், உங்களுடையது காதில் விழவில்லை. பரவாயில்லை, நீங்கள் உட்காருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து ம் கேட்கிறது.